அப்பாவுக்குத் திரை இல்லாத கார் கிடைக்குமா?

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார். அப்பாவுக்கு 68 வயது, புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறார், 20 வருடமாக ஒரே மைவி கார். புதுக் கார் வாங்கித் தரலாம் என்று ஷோரூம் ஷோரூமாகக் கூட்டிப் போனால், "எனக்கு டிவி வேண்டாம்டா, காடிதான் வேணும்" என்று சொல்லி எழுந்து வந்துவிடுகிறாராம். டேஷ்போர்டில் தொடுதிரை இல்லாத புதுக் கார் இங்கே மலேசியாவில் கிடைக்குமா, ஏன் எல்லாக் கம்பெனியும் இப்படித் திரையாகப் போட்டுத் தள்ளுகிறது, இது எப்போதாவது மாறுமா, இதுதான் கேள்வி.

பட்டர்வொர்த்தில் 22 வருடமாகக் கார் ஒயரிங்கும் ஏர்கோனும் பார்க்கிறவன் நான். தினம் ஒரு டேஷ்போர்டையாவது கழற்றி மாட்டுகிற ஆள். அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன் தம்பி, திரையே இல்லாத புதுக் கார் என்று தேடினால் ஒன்றிரண்டுதான் தேறும். ஆனால் உங்கள் அப்பா கேட்பது அது இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ரிவர்ஸ் கேமரா வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்க மாட்டார், வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள். 20 வருடமாகக் கண்ணைச் சாலையை விட்டு எடுக்காமல், கையை மட்டும் நீட்டிச் செய்துவந்த வேலைகளை இனிமேல் கண்ணால் தேடிச் செய் என்கிறார்கள். அதுதான் அவருக்கு எரிச்சல். வயதான கோளாறு என்று நினைக்காதீர்கள், எனக்கு 46, எனக்கும் அதே எரிச்சல்தான்.

அந்தப் பழைய மைவியின் ஏர்கோன் திருகை நினைத்துப் பாருங்கள். காற்று எத்தனாவது வேகத்தில் இருக்கிறது என்று பார்க்கவே வேண்டாம், விரல் வைத்ததும் தெரிந்துவிடும். திருப்பினால் டக் என்று ஒரு படி ஏறும், அந்த டக் விரலுக்கும் கேட்கும் காதுக்கும் கேட்கும். திரையில் எந்த இடத்தைத் தொட்டாலும் ஒரே வழவழப்பு. விரல் சரியான இடத்தில் விழுந்ததா என்று கண்தான் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். விஷயம் மொத்தமும் இவ்வளவுதான், மீதியெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

போன வருடக் கடைசி மழைக்காலத்தில் நிபோங் திபாலிலிருந்து ஓர் அக்கா காரைக் கொண்டுவந்தார். வாங்கி ஒன்றரை வருடம்தான், எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை, எல்லாரிடமும் இந்தக் கதை உண்டு. ஜூரு பக்கம் நெடுஞ்சாலையில் அடைமழை, முன் கண்ணாடி திடீரென்று மங்கிவிட்டது. ஏர்கோனை மாற்றலாம் என்று திரையைத் தொட்டால், திரை அப்படியே கருத்து, கம்பெனி லோகோ வந்து, சுற்றிக்கொண்டே நிற்கிறது. காற்று மட்டும் முழு வேகத்தில் கண்ணாடியை நோக்கி அடிக்கிறது, நிறுத்த வழியில்லை. ஜன்னலை இறக்கி, நனைந்துகொண்டே அவசரத் தடத்தில் போய் ஒதுங்கியிருக்கிறார். என்னிடம் வந்தபோது காரில் எந்தப் பழுதும் இல்லை. கம்ப்ரசர் நன்றாக இருக்கிறது, கேஸ் இருக்கிறது, புளோவர் ஓடுகிறது. மென்பொருள் ஒரு நிமிஷம் தொங்கிவிட்டுத் திரும்ப வந்திருக்கிறது, அவ்வளவுதான். ரசீதில் எழுதக்கூட எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இந்தக் கண்ணாடி மங்குகிற விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், பலருக்கும் இது குழப்பம். நம்மூர் மழையில் கண்ணாடி இரண்டு விதமாக மங்கும். உள்பக்கம் மங்கினால் அது நம் மூச்சும் நனைந்த சட்டையும், குடையிலிருந்து சொட்டிய தண்ணீரும். ஏர்கோனைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பினால் ஈரத்தை இழுத்துவிடும். வெளிப்பக்கம் மங்கினால் கதையே வேறு, ஏர்கோன் கண்ணாடியைச் சில்லென்று ஆக்கிவிட்டதால் வெளியே இருக்கும் ஈரக்காற்று அதன்மேல் வந்து படிகிறது, குளிர்ந்த மைலோ கிளாஸின் வெளியே வியர்க்கிற மாதிரி. அதற்கு வைப்பரை ஒரு தட்டு தட்டிவிட்டு, காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பிவிட வேண்டும். ஒன்றுக்குச் செய்வதை இன்னொன்றுக்குச் செய்தால் மேலும் மங்கும். எது என்று முதலில் தெரியாது, ஒன்றைச் செய்து பார்த்து, சரிவரவில்லை என்றால் அடுத்ததைச் செய்ய வேண்டும், அதையும் இரண்டு மூன்று வினாடிக்குள், முன்னால் போகிற லாரி தண்ணீரை வாரி அடித்துக்கொண்டிருக்கும்போது. திருகும் நெம்பும் இருந்தால் கை செய்துவிடும். மெனுவுக்குள் போய், ஏர்கோன் பக்கத்தைத் திறந்து, காற்றின் திசையைத் தேடினால்? அந்த அக்காவுக்குத் திரை வேலை செய்திருந்தாலும் சிரமம்தான்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். சுவீடனில் வி பிலேகரே என்று ஒரு கார் பத்திரிகை, 2022-ல் 11 புதுக் கார்களையும் கூடவே ஒரு 2005 வால்வோ வி70-யையும் மணிக்கு 110 கிலோமீட்டரில் ஓட்டவிட்டு, சூட்டைக் கூட்டு, ரேடியோ நிலையத்தை மாற்று, பயணக் கணக்கை அழி என்று சில சின்ன வேலைகளைக் கொடுத்தது. ஓட்டுநர்களுக்குக் கார்களைப் பழகிக்கொள்ள முன்கூட்டியே நேரமும் கொடுத்தார்கள். பழைய வால்வோவில் எல்லாம் முடிய 10 வினாடி, அதற்குள் கார் போன தூரம் 306 மீட்டர். கடைசியாக வந்தது எம்ஜி மார்வெல் ஆர், 44.9 வினாடி, 1,372 மீட்டர். அந்த 110 நம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் வேக வரம்பேதான். ஒன்றே கால் கிலோமீட்டருக்கு மேல் அரைக் கண்ணால் ஓட்டியிருக்கிறார்கள். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை 2013-ல் கொடுத்த வழிகாட்டலில், ஒரு தடவை பார்வையைத் திருப்பினால் 2 வினாடிக்கு மேல் போகக்கூடாது, ஒரு வேலைக்கு மொத்தம் 12 வினாடி என்று இருக்கிறது. 110-ல் 2 வினாடி என்றால் 61 மீட்டர், அதுவே எனக்கு அதிகமாகத்தான் தோன்றுகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் எடுத்தால் இங்கே 300 வெள்ளி (ரிங்கிட்) சம்மன். அதைவிட நாலு மடங்கு பெரிய கைப்பேசியை டேஷ்போர்டில் ஒட்டிக் கொடுத்தால் அது வசதி. ஜெர்மனியில் 2020-ல் கார்ல்ஸ்ரூ உயர் நீதிமன்றம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. மழையில் டெஸ்லா ஓட்டிய ஒருவர் வைப்பர் வேகத்தைத் திரையில் மாற்றப் போய்ச் சாலையை விட்டு விலகி மோதிக்கொண்டார். காரோடு வந்த திரையாக இருந்தாலும் சட்டப்படி அது மின்னணுக் கருவிதான் என்று சொல்லி, அவருக்குப் போட்ட 200 யூரோ அபராதத்தையும் ஒரு மாத ஓட்டுநர் தடையையும் நீதிமன்றம் உறுதி செய்தது. வைப்பரைத் திரைக்குள் கொண்டுபோய் வைத்தவருக்கு அபராதம் ஏதும் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

காரை விடுங்கள், கப்பலுக்கு வருகிறேன், இது நம் வாசலிலேயே நடந்தது. 2017 ஆகஸ்ட் 21 விடியற்காலை, சிங்கப்பூர் நீரிணைக்குக் கிழக்கே, ஜொகூருக்கு அருகில், அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெயின் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதியது. பத்து மாலுமிகள் இறந்தார்கள். அந்தக் கப்பலில் சுக்கானையும் வேகத்தையும் தொடுதிரையில் கொடுத்திருந்தார்கள். கட்டுப்பாட்டை ஒரு திரையிலிருந்து பக்கத்துத் திரைக்கு மாற்றும்போது எது யாரிடம் இருக்கிறது என்பதில் குழப்பம், சுக்கான் போய்விட்டது என்று நினைத்துவிட்டார்கள். வேகத்தைக் குறைக்கும்போது இரண்டு பக்க விசைகளும் சேர்ந்து இயங்கவில்லை, ஒரு பக்கம் மட்டும் குறைந்தது, கப்பல் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. கைப்பிடி நெம்பாக இருந்தால் ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் இருப்பதைக் கை அந்த நொடியே உணர்ந்திருக்கும். திரையில் அது ஒரு சின்னக் குறி. விசாரணைக்குப் பிறகு 2019-ல், திரையைக் கழற்றிவிட்டு மறுபடியும் கைநெம்பையே வைக்கப்போவதாக அமெரிக்கக் கடற்படை அறிவித்தது. பயிற்சி பெற்ற கடற்படை ஆட்களுக்கே அந்தக் கதி என்றால் உங்கள் அப்பாவைக் கிண்டல் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

சரி, அப்புறம் ஏன் எல்லாரும் திரை போடுகிறார்கள்? எதிர்காலம், புதுமை என்று விற்பனையாளர் சொல்வார். உள்ளே கையை விட்டுப் பார்க்கிறவனுக்குத் தெரிவது வேறு. ஒரு பட்டன் என்றால் அதற்கு ஓர் அச்சு, ஒரு ஸ்பிரிங், ஒரு காண்டாக்ட், பின்னால் ஒரு சின்ன விளக்கு, ஒயர், சாக்கெட், இத்தனையும் வேண்டும், பல்லாயிரம் தடவை அழுத்திச் சோதிக்கவும் வேண்டும். இடது கை ஓட்டும் நாட்டுக்கு ஒரு பலகை, நம்மை மாதிரி வலது கை நாட்டுக்கு வேறு பலகை. மலிவு வேரியண்டில் அந்த வசதி இல்லை என்றால் ஓட்டையை மூட ஒரு டம்மி மூடி, உங்கள் மைவியிலும் இருக்கும், அழுத்தினால் ஒன்றும் நடக்காத வெற்றுச் சதுரம். 30 பட்டனை எடுத்துவிட்டு ஒரே திரையை நடுவில் வைத்தால் இத்தனை தலைவலியும் போய்விடுகிறது. கார் தயாராகிக் கப்பலில் ஏறின பிறகுகூட மென்பொருளை எழுதிக்கொள்ளலாம். டெஸ்லா 2017-ல் மாடல் 3-யில் எல்லாவற்றையும் 15 அங்குலத் திரைக்குள் தள்ளியபோது எல்லாரும் அழகைப் பார்த்தார்கள், மற்றக் கம்பெனிகளின் கணக்கர்கள் மிச்சத்தைப் பார்த்திருப்பார்கள். ஏர்கோன் காற்று எந்தப் பக்கம் வீச வேண்டும் என்பதையும் டேஷ்போர்டுப் பெட்டி திறப்பதையும்கூடத் திரையில்தான் செய்ய வேண்டும் அந்தக் காரில்.

அமெரிக்காவில் 2018 மே முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் பின்பக்கக் கேமரா கட்டாயம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேமரா என்றால் காட்ட ஒரு திரை வேண்டும். எப்படியும் வைக்கத்தான் போகிறோம், மற்றதையும் இதிலேயே போடு என்று ஆகிவிட்டது. இந்தத் திரைத் தொழிலில் நமக்கும் பங்கு உண்டு, பாஷ், காண்டினென்டல் எல்லாம் பினாங்கில் கார் மின்னணுத் தொழிற்சாலை நடத்தியவர்கள்தான், என் கடைக்கு வரும் பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் பாயான் லெப்பாஸில் வேலை பார்த்தவர். அதனால் திரையைத் திட்டும்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன்.

ஆனால் செலவு மட்டும் காரணம் இல்லை. கார் எங்கே விற்கிறது என்று யோசியுங்கள். ஷோரூமில். அங்கே கார் நிற்கிறது, ஏர்கோன் ஓடுகிறது, மழை இல்லை, லாரி இல்லை, பின்னால் ஹார்ன் அடிக்கிறவன் இல்லை. பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுகிறான். நிற்கிற காரில் திரை எப்போதுமே அருமையாகத்தான் இருக்கும். நல்ல திருகு ஷோரூமில் கண்ணில் படவே படாது, அதன் அருமை ஜூருவில் மழை பெய்யும்போதுதான் தெரியும், அப்போது நீங்கள் கையெழுத்துப் போட்டு ஒன்றரை வருடம் ஆகியிருக்கும். மக்கள் எளிமையான கார் கேட்கிறார்கள் என்பதும் உண்மை, வாங்கும்போது திரை பெரியதை வாங்குகிறார்கள் என்பதும் உண்மை. என் கடையிலேயே "சிம்பிளா ஒன்னு போதும் அண்ணே" என்று நாலு மாதம் பேசிவிட்டு, கடைசியில் உச்ச வேரியண்டை எடுத்து வந்து நிறுத்தினவர்களை எனக்குத் தெரியும், மாதத் தவணையில் பார்த்தால் வித்தியாசம் கொஞ்சம்தானே என்பார்கள். கம்பெனிக்காரன் நம் வாய் சொல்வதைக் கேட்பதில்லை, ஆர்டர் புத்தகத்தைப் பார்க்கிறான். அவனை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது.

அந்தத் தவணைதான் எனக்கு உண்மையான கவலை. இங்கே கார் லோன் 9 வருடம் வரை போகும். நம் நாட்டுக் கம்பெனிகளான பெரோடுவாவும் புரோட்டானும் பெட்ரோல் கார்களுக்குக் கொடுக்கும் உத்தரவாதம் 5 வருடம் அல்லது 150,000 கிலோமீட்டர். நடுவில் இருக்கிற 4 வருடம் என்னிடமும் என்னைப் போன்றவர்களிடமும்தான் வரவேண்டும். அப்பாவின் மைவியில் காற்று நாலாவது வேகத்தில் மட்டும் வருகிறது, ஒன்று இரண்டு மூன்றில் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், புளோவர் ரெசிஸ்டர் எரிந்திருக்கும், உள்ளங்கையில் அடங்குகிற சாமான். ஒரு தே தாரிக் குடித்து முடிப்பதற்குள் மாற்றிவிடுவேன். ரேடியோ போனாலும் அப்படியே. அந்தக் காலத்து ரேடியோ பெரும்பாலான கார்களுக்கு ஒரே அளவு, 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம், இரட்டை அளவு என்றால் உயரம் 100. எந்தக் கம்பெனி ரேடியோவையும் அந்தக் கார்களில் செருகலாம், பழைய கார்களை வெட்டி உதிரி சாமான் விற்கிற ஹாஃப்கட் கடையில் ஜப்பான் சாமானாகப் பொறுக்கி எடுத்துக்கூட மாட்டியிருக்கிறேன்.

இப்போது ஒவ்வொரு காருக்கும் ஒரு வடிவத்தில் திரை, அதற்குள்ளேயே ஏர்கோன், கேமரா, காரின் அமைப்புகள் எல்லாம். ஹாஃப்கட்டில் அதே மாடல் திரை கிடைத்தாலும் பல கார்களில் அதன் எண் இந்தக் காரின் எண்ணோடு ஒத்துவரவில்லை என்றால் எழும்பவே எழும்பாது. வெயிலும் இருக்கிறது. பக்கத்துப் பிறை ஊரில் நாள் முழுக்க மைதானத்தில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தொடும், திரையின் ஒட்டுப்பசை இளகிக் குமிழ் குமிழாக வந்தவை எத்தனையோ பார்த்துவிட்டேன். சில சமயம் படம் நன்றாகத் தெரியும், தொடு அடுக்கு மட்டும் செத்திருக்கும். அல்லது அதைவிட மோசம், யாரும் தொடாமலே தானாகத் தொடும், காரில் பேய் இருக்கிறது என்று ஒருத்தர் எலுமிச்சம்பழத்தோடு வந்தார். (பழத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு டிஜிட்டைசரை, அதாவது அந்தத் தொடு அடுக்கை, மாற்றினேன்.)

பெரிய கம்பெனிக்கும் இது நடந்திருக்கிறது. டெஸ்லாவின் பழைய மாடல் எஸ், எக்ஸ் கார்களில் திரைக்குப் பின்னால் 8 ஜிபி நினைவக சிப் ஒன்று இருந்தது. அந்த வகைச் சிப்பில் இத்தனை தடவைதான் எழுதலாம் என்று ஆயுள் உண்டு, கார் நாள் முழுக்க அதில் குறிப்பு எழுதி எழுதியே அது தேய்ந்துவிட்டது. திரை போனதும் பின்பக்கக் கேமராவும் போயிற்று, கண்ணாடிப் பனி நீக்குவதும் போயிற்று. 2021-ல் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 135,000 கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. வெளியே இருந்து வரும் தொடர்பும் நிலையானது இல்லை. நம் நாட்டில் 3ஜி 2021 கடைசியில் மூடப்பட்டது, அமெரிக்காவில் 2022-ல் மூடியபோது கைப்பேசியிலிருந்து கதவு பூட்டுவது, அவசர அழைப்பு போன்றவை பல பழைய கார்களில் அப்படியே நின்றுபோயின. கார் ஓடும் நிலையில்தான் இருக்கிறது, அதில் பாதி வசதி செத்துவிட்டது. மாதச் சந்தா என்று இன்னொன்று. பிஎம்டபிள்யூ 2022-ல் சில நாடுகளில் சீட் சூடேற்றுவதற்கு மாதக் கட்டணம் கேட்டுப் பார்த்து, எல்லாரும் திட்டினதும் அடுத்த வருடமே விட்டுவிட்டது. நமக்கென்ன, வெயிலில் நிறுத்தினால் சீட் இலவசமாகவே சுடுகிறது.

மாறுமா என்று கேட்டீர்களே. மாறிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் ஒரே பக்கமாக இல்லை. நம்மூரிலேயே உதாரணம் இருக்கிறது. 2014-ல் வந்த ஹோண்டா சிட்டியின் மேல் வேரியண்ட்களில் ஏர்கோனுக்குத் தொடு பலகை போட்டார்கள், பளபளவென்று இருக்கும், வெயிலில் ஒன்றும் தெரியாது. 2020 சிட்டியில் மறுபடியும் மூன்று வட்டத் திருகு வந்துவிட்டது, யாரும் அதைப் பழசு என்று சொல்லி வாங்காமல் விடவில்லை. ஃபோக்ஸ்வாகன் 2019-ல் கோல்ஃபின் எட்டாம் தலைமுறையில் சத்தம், சூடு எல்லாவற்றுக்கும் தடவிப் பார்க்கும் பட்டையை வைத்து, அதற்கு இரவில் விளக்குகூட இல்லாமல் விற்றது. திட்டு வாங்கி வாங்கி, 2025-ல் அதன் வடிவமைப்புத் தலைவர் ஆண்ட்ரியாஸ் மின்ட், இனி அந்தத் தவறைச் செய்யவே மாட்டோம், சத்தம், இரண்டு பக்கச் சூடு, காற்று வேகம், அவசர விளக்கு ஆகிய ஐந்துக்கும் எப்போதும் நிஜப் பட்டன் இருக்கும் என்று சொல்லிவிட்டார். டெஸ்லாவும் 2023 கடைசியில் மாடல் 3-யிலிருந்து சிக்னல் கம்பைப் பிடுங்கி ஸ்டீயரிங்கில் பட்டனாக வைத்தது, ரவுண்டானாவில் ஸ்டீயரிங் திரும்பியிருக்கும்போது எந்தப் பட்டன் எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஆட்கள் தவித்த பிறகு, சில சந்தைகளில் கம்பைத் திரும்பக் கொண்டுவந்தது.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். மாஸ்டா 2019-ல் மாஸ்டா 3-யில் தொடுதிரையையே எடுத்துவிட்டுத் திருகு மட்டும் வைத்த கம்பெனி, என் மாதிரி ஆட்கள் கைதட்டினோம். அதே மாஸ்டா 2025-ல் காட்டிய புது சிஎக்ஸ்-5-ல் ஏர்கோன் பட்டன்களை எடுத்துப் பெரிய தொடுதிரைக்குள் போட்டுவிட்டது. இவ்வளவு வருடம் நம் பக்கத்துக் கூலிம் தொழிற்சாலையில் பூட்டிய சிஎக்ஸ்-5-களின் திருகை எத்தனை தடவை புகழ்ந்திருப்பேன்.

எனக்கு நம்பிக்கை தருவது ஐரோப்பாவின் மோதல் சோதனை அமைப்பான யூரோ என்கேப். 2026 ஜனவரியிலிருந்து சிக்னல், அவசர விளக்கு, ஹார்ன், வைப்பர், அவசர அழைப்பு இந்த ஐந்துக்கும் நிஜப் பட்டனோ கம்போ இல்லை என்றால் மதிப்பெண் குறைக்கிறார்கள், ஐந்து நட்சத்திரம் கஷ்டம். இது சட்டம் இல்லை, ஆனால் ஐரோப்பாவில் விற்க நினைக்கும் கம்பெனி எதுவாக இருந்தாலும், சீனாவிலிருந்து வருகிறவை உட்பட, அந்த நட்சத்திரத்தை விடாது. ஐரோப்பாவுக்கு ஒரு டேஷ்போர்டு, நமக்கு ஒரு டேஷ்போர்டு என்று செய்வது செலவு, அதனால் அங்கே திரும்பி வரும் பட்டன் கொஞ்சம் தாமதமாக இங்கேயும் வரும் என்று நினைக்கிறேன். ஒரேயடியாக எளிமை என்று போனவர்களும் உண்டு. அமெரிக்காவில் 2025-ல் ஸ்லேட் என்ற புதுக் கம்பெனி திரை இல்லாத, ஜன்னலைக் கையால் சுற்றி இறக்குகிற, பெயின்ட்கூட அடிக்காத மின்சாரப் பிக்அப்பைக் காட்டியது. ருமேனியாவின் டாசியா கம்பெனி சில மலிவு வேரியண்ட்களில் திரைக்குப் பதிலாகக் கைப்பேசி செருகும் தாங்கியை வைத்துவிட்டது, எனக்கு அது ரொம்பப் பிடித்த யோசனை, வழி காட்டுவது எப்படியும் கைப்பேசிதானே. பக்கத்துத் தாய்லாந்தில் டொயோட்டா 2023-ல் ஹைலக்ஸ் சாம்ப் என்று ஒரு பிக்அப்பை 459,000 பாட் விலையிலிருந்து விற்க ஆரம்பித்தது, பின்னால் எதை வேண்டுமானாலும் பூட்டிக்கொள் என்று வெறும் பலகையாகக் கொடுக்கிறார்கள். நம்மூரில் பெரோடுவா 2023-ல் ஆக்சியா இ-யை 22,000 வெள்ளிக்குக் கொண்டுவந்தது, பழைய உடம்பு, ஐந்து கியர் மேனுவல், அலங்காரம் எதுவும் கிடையாது. திரையில்லாத புதுக் கார் என்ற கேள்விக்கு நேரான பதில் இதுதான். ஆனால் அப்பாவின் முட்டி கிளட்ச் மிதிக்க ஒத்துழைக்குமா என்று பாருங்கள், எத்தனை காற்றுப்பை, வழுக்கும்போது காரைப் பிடித்து நிறுத்தும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் இருக்கிறதா என்றும் விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இங்கேதான் பலர் தப்புச் செய்கிறார்கள், எலெக்ட்ரானிக் எல்லாமே வேண்டாம் என்று. திரை வேறு, பாதுகாப்பு வேறு. பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல், பெரோடுவா 2017 மைவியில் தொடங்கி வைத்த தானாக பிரேக் பிடிக்கும் வசதி, இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே உட்கார்ந்திருக்கும், உங்களிடம் எதுவும் கேட்காது. 68 வயதில் அவருக்கு அது வேண்டும். வேண்டாதது, பத்து தடவை தொட்டால்தான் காற்று குறையும் என்கிற ஏற்பாடு.

அதனால் திரை இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், திரை அணைந்தால் என்னென்ன வேலை செய்யும் என்று பாருங்கள். ஷோரூமில் அப்பாவை ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்து, பையன் ஐந்து நிமிஷம் விளக்கட்டும். பிறகு திரையை அணைக்கச் சொல்லுங்கள், பெரும்பாலான கார்களில் அதற்கு வழி உண்டு. அப்பா நேராக எதிரே சுவரைப் பார்த்தபடியே வைப்பர் போட வேண்டும், காற்றைக் குறைக்க வேண்டும், கண்ணாடிக்குத் திருப்ப வேண்டும், அவசர விளக்கைத் தட்ட வேண்டும், ரேடியோவைக் குறைக்க வேண்டும். தலை கீழே குனிந்தால் அந்தக் கார் வேண்டாம். குரலில் சொன்னால் போதுமே என்று பையன் சொல்வான், அப்பா தமிழில் சொல்லிப் பார்க்கட்டும். சாகா, பெஸ்ஸா, சிட்டி இவற்றில் தொடங்குங்கள், வேரியண்டுக்கு வேரியண்ட் மாறும், நேரில் தொட்டுப் பாருங்கள். உச்ச வேரியண்டுக்கு ஒரு படி கீழே இருப்பதுதான் அநேகமாக அவருக்குச் சரியாக இருக்கும், பணமும் மிச்சம்.

இன்னொன்று, பழைய மைவியை மாற்றிக் கொடுத்தால் இவ்வளவு தள்ளுபடி என்பார்கள். இஞ்சினும் கியரும் நன்றாக இருந்தால் அவசரப்பட வேண்டாம், ஒரு சனிக்கிழமை காலையில் எடுத்துக்கொண்டு வாருங்கள், அடியில் துரு, ஒயரிங், ஏர்கோன் மூன்றையும் பார்த்துச் சொல்கிறேன். அப்பாவையும் கூட்டி வாருங்கள், பக்கத்துக் கடையில் ரொட்டி சானாய் நன்றாக இருக்கும்.